சும்மா கட்டி இல்லை

செவ்வாய் இரவு

கோபம் இன்னும் அடங்கவில்லை. ஹுன்னஸ்கிரிய ஊர் மனோகரி, போன மாதம் வெட்டியெடுத்த தன் மூளைக்கட்டியின் ரிப்போர்ட்டை வாங்கத் தாய்மாமனோடு எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்தாள். புற்றுதான், கரண்ட் வைக்க வேண்டும், அதாவது கதிர்ச் சிகிச்சை, என்று நேராகவே சொன்னேன். மாமா என்னை ஓரமாக இழுத்தார்.

"டொக்டர் தம்பி, சும்மா கட்டின்னு மாத்தி எழுதிக் குடுங்க. மாப்பிள்ளை வீட்டுல கேக்குறாங்க."

நுணுக்குக்காட்டியில் பார்த்தவன் நான். கலங்களின், அதாவது செல்களின், கருக்கள் கோணல்மாணலாகக் கிடக்கின்றன. பார்க்கும் இடமெல்லாம் கலங்கள் இரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கின்றன. அதை மறைத்தால் கதிர்ச் சிகிச்சை கிடைக்காது. வெட்டியது போக மிச்சம் மறுபடி வளரும்.

"மாப்பிள்ளை வீட்டுக்குப் பயந்து செல் வளராம நிக்காது ஐயா."

"சின்னப் பையன் நீங்க. குடும்பம்னா ஒங்களுக்கு என்னா தெரியும்?"

"செல் தெரியும்."

தலையில் சால்வை சுற்றியிருந்த மனோகரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

"வைத்தியம் எனக்கா மாமா, மாப்பிள்ளைக்கா?" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "கரண்ட் வைக்க எப்ப வரணும் டொக்டர்?"

நாள் குறிக்க நாளைக் காலையே வரச் சொன்னேன். மாமா பெரிய டொக்டரிடம் என்னைப் பற்றி முறையிடப் போகிறாராம். தாராளமாகப் போகட்டும். ரிப்போர்ட்டில் ஒரு எழுத்தும் மாறாது. அவர் பேசி முடிப்பதற்குள் கதிர்ப் பிரிவில் அவளுக்கு நாள் குறித்துவிடுவேன்.