உன் செத்த வீட்டுப் படம் கிடைத்தது

உ
இணுவில்,
19.09.1993

அன்பு மகன் குகதாசனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கந்தசாமியார் புண்ணியத்தில் நாங்கள் சுகம். நீயும் சுகம் என்பதை இந்த முறை நிச்சயப்படுத்திக்கொண்டுதான் பேனையை எடுத்தேன், ஏனென்றால் போன கிழமை ஒரு பின்னேரம் முழுக்க நீ செத்துப்போனாய் என்று இந்த வீட்டில் அழுது தீர்த்துவிட்டார்கள். சிரிக்காதே. நீ சிரிப்பாய் என்று தெரியும், அதுதான் முதலிலேயே சொல்லுகிறேன்.

தொண்டைமானாற்று அருட்பிரகாசம் அண்ணை கொழும்புக்குப் போய்வந்தார். நீ அனுப்பிய கடிதத்தையும் படத்தையும் அங்கே இருக்கிற அருந்ததி அக்கா அவரிடம்தான் கொடுத்துவிட்டிருக்கிறாள். கிளாலிக் கடலேரியைக் கடக்கிறபோது வள்ளத்துக்குள் தண்ணீர் ஏறி அவருடைய பை தெப்பமாக நனைந்து, உன் கடிதம் நீலக் கூழாக வந்து சேர்ந்தது, ஒரு எழுத்தும் வாசிக்க முடியவில்லை. படம் மட்டும் எப்படியோ தப்பிவிட்டது. நான் தோட்டத்தில் வெங்காயத்துக்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றேன், அவர் அவசரத்தில் அதை நாகேஸ்வரி மாமியின் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். உன் ஐயாவின் தங்கை என்றபடியால் நான் ஒன்றும் சொல்லுவதில்லை, ஆனால் ஊரிலே வேறு ஆள் கிடைக்கவில்லையா அவருக்கு. மாமி படத்தைப் பார்த்தா, அவ்வளவுதான், வாசலிலேயே விழுந்து தலையில் அடிக்கத் தொடங்கிவிட்டா.

மாமியிலும் முழுப் பிழை சொல்ல முடியாது. நீ ஒரு பெட்டிக்குள் வெள்ளைச் சேட்டோடும் வெறுங்காலோடும் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறாய், சுற்றிவரக் கறுப்பு உடுப்போடு வெள்ளைக்காரர் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறார்கள், ஒரு பெட்டை முழங்காலில் இருந்து அழுகிறாள். இதைப் பார்த்து ஒருத்தி என்ன நினைப்பாள்? பெரியப்பா செத்தபோது பெட்டியைச் சுற்றி நாங்கள் எல்லோரும் வரிசையாக நின்று படமெடுத்துக் கனடாவுக்கு, ரொறன்ரோவில் இருக்கிற அவருடைய மகனுக்கு அனுப்பவில்லையா, அந்தப் படத்தில் தலைமாட்டில் நிற்கிறது நீதானே. இங்கேயிருந்து வெளிநாட்டுக்குப் போகிற படம் எப்படி இருக்கும் என்று தெரிந்த பிள்ளை, அங்கேயிருந்து அப்படி ஒன்று வந்தால் நாங்கள் என்னவென்று எடுப்போம் என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லையே. பின்பக்கத்திலாவது இது நாடகம் என்று தமிழில் எழுதியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும். என்னத்தைச் சொல்ல.

நான் வந்து சேர முன்னம் முற்றம் நிறைந்துவிட்டது. பெண்டுகள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைக்கிறார்கள், பக்கத்து வீட்டுக் கனகரத்தினம் அண்ணை தெருவிலிருந்து ஒழுங்கை திரும்புகிற முகப்பில் செத்த வீட்டு வெள்ளைக்கொடி கட்டத் தடி தேடுகிறார், உடல் இல்லாமல் கிரியை செய்வது எப்படி என்று கேட்க யாரோ குருக்களிடம் ஓடிவிட்டார்கள். ஐயா கிணற்றுக்கட்டில் இருந்தவர் இருந்தபடி. எனக்கு அழுகை வரவில்லை. படத்தைத் தாருங்கள் என்று பறித்துப் பார்த்தேன். முதலில் பார்த்தது காலைத்தான், கால் பெருவிரல் இரண்டும் சேர்த்துக் கட்டவில்லை. கட்டாமல் யார் பிணத்தைப் பெட்டியில் கிடத்துவார்கள் என்று கேட்டேன். வெள்ளைக்காரருக்கு உந்த முறையெல்லாம் என்ன தெரியும் மச்சாள் என்று சொல்லிவிட்டு மாமி பிறகும் அழுதா. பிறகுதான் உன் கையைப் பார்த்தேன். பொத்திய கைக்குள்ளே பெருவிரல். பள்ளிக்கூடச் சோதனை நாளில் காய்ச்சல் என்று சொல்லி நீ பாயில் கிடக்கிறபோது அப்படித்தான் பொத்திக்கொண்டு கிடப்பாய். உண்மையாக நித்திரை என்றால் உன் கை விரிந்துதான் கிடக்கும், பெத்தவளுக்குத் தெரியாதா.

"உவன் சாகேல்லை. உவன் நடிக்கிறான்" என்று சொன்னேன்.

ஒருத்தரும் நம்பவில்லை. பாவம், மூளை கலங்கிவிட்டது என்று என் தலையில் தண்ணீர் தெளித்தார்கள். கனகரத்தினம் அண்ணையின் மகன் சைக்கிளில் தொண்டைமானாறு போய் அருட்பிரகாசம் அண்ணையைக் கூட்டிவரும்வரை நான் அந்தப் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு உன் விரலையே பார்த்துக்கொண்டு இருந்தேன். எனக்கும் இடையில் சந்தேகம் வந்தது, பொய் சொல்லமாட்டேன். அவர் வந்து, தம்பி நாடகத்திலை செத்திட்டானாம் என்று அருந்ததி சிரித்துக்கொண்டுதான் தந்தவள் என்று சொன்ன பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. வந்த சனத்துக்குத் தேத்தண்ணி கொடுக்கச் சீனியும் இல்லை, பனங்கட்டியைக் கடித்துக் குடித்துவிட்டு எங்களையே ஏசிக்கொண்டு போனார்கள்.

இப்போது எல்லாப் பழியும் என்னில். உன்னை நாடகம் படிக்கவிடச் சொல்லி நின்றது நான்தானே. ஐயா என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. கதைத்தது ஒரே ஒரு தரம், "உந்தக் கூத்தை விட்டிட்டு ரொறன்ரோவுக்குப் பெரியப்பான்ரை பெடியனோடை போய் நிக்கச் சொல்லி எழுது" என்று. எழுதச் சொன்னதை எழுதிவிட்டேன். படத்தையும் எரிக்கச் சொன்னார், அதை நான் செய்யவில்லை.

எனக்குக் கோபம் நீ செத்ததாக நடித்ததில் இல்லை. ஒரு வருடமாக நீ எழுதுகிற கடிதத்தில் மேடை இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது, நீ எங்கே படுக்கிறாய் என்று ஒரு வரி இருக்கிறதா? கிளாஸ்கோ என்றால் இங்கே ஒருத்தருக்கும் தெரியாது, லண்டன் என்றுதான் சொல்லிச் சமாளிக்கிறேன். அந்த ஊரில் நீ குடியிருக்கிற வீட்டுக்காரியின் பெயர் என்ன, அரிசி எந்தக் கடையில் வாங்குகிறாய், அடுப்பு உனக்குத் தனியாக இருக்கிறதா, மழை விடுவதில்லை என்று அக்கா சொன்னாள், நனைந்த தலையை யார் துடைக்கச் சொல்லுகிறார்கள்? கேட்டால் எல்லாம் பழகிவிட்டது என்கிறாய். படத்தில் சேட்டுக் கழுத்துக்குள் இன்னொரு கழுத்துப் போகும்போல் இருக்கிறது, அதுதான் பழகின இலட்சணமா? உன்னைச் சுற்றி நின்று அழுகிறவர்களின் பெயரை ஒவ்வொன்றாக எழுது, முக்கியமாக அந்த முழங்காலில் இருக்கிற பெட்டை. நாடகத்தில் செத்தால் அழ இவ்வளவு பேர் இருக்கிறார்கள், உண்மையாகக் காய்ச்சல் வந்தால் ஒரு சிரட்டை கஞ்சி காய்ச்சித் தர இதிலே ஒருத்தராவது இருக்கிறாரா? இருந்தால் எனக்கு அது போதும். இல்லையென்றால் நாடகம் படித்ததுபோக மிச்ச நேரத்தில் அப்படி ஒரு ஆளைத் தேடு.

ஐயா சொன்னதை எழுதினேன் என்றேன். நான் என்ன சொல்லுகிறேன் என்றால், விட்டுவிட்டுப் போ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. எடுத்ததை முடி. ஐயாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, உன் கையெழுத்தைக் கண்டால் கொஞ்சம் இறங்குவார். அவருடைய ஆசீர்வாதத்தை அவர் கோபம் ஆறின பிறகு அனுப்புகிறேன், இப்போதைக்கு என்னுடையதை இரண்டு பங்காக எடுத்துக்கொள். விபூதி மடித்து வைத்திருக்கிறேன், அது நனையாமல் வந்தால் பூசு. இனிப் படம் அனுப்பினால் பின்னால் தமிழில் எழுது.

இன்னொன்று. உன் வாத்தியார் அந்தக் கையைக் கண்டால் பிழை பிடிப்பார், செத்தவன் விரலை மடக்கிக்கொண்டு கிடக்கமாட்டான், விரித்து வை என்று சொல்லுவார். மற்றதெல்லாம் அவர் சொல்லுகிறபடி செய். பெருவிரலை மட்டும் உள்ளுக்கே வைத்திரு.

இப்படிக்கு,
உன்னைப் பார்த்துக்கொண்டே இருக்கும்
அம்மா