கொட்டிவாக்கத்து லீவு

தி. நகர்
3 மார்ச் 2026

அன்புள்ள தேசு,

எட்டு முறை போன் அடித்துவிட்டேன். எடுக்க மாட்டேன் என்கிறாய். சாந்தோம் பள்ளிக்கூடத்தில் சண்டை வந்தால் நோட்டுக் காகிதத்தைக் கிழித்து எழுதி உன் பக்கம் தள்ளுவேனே, அதே மாதிரி இப்போதும் எழுதுகிறேன். முழுசாகப் படி.

சனிக்கிழமை என்னடி ஆயிற்று? எங்கள் குடியிருப்புப் பெண்களுக்கு வறுமை என்றால் என்னவென்று தெரியவில்லை. தீபாவளிக்கு உங்கள் தெருவில் ஆளுக்கு ஐந்து கிலோ அரிசி கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டால் தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். அதனால்தான் அந்த விளையாட்டையே வைத்தேன். நாலு பேர் ஒரு குடும்பம். மணி அடித்தால் ஒரு வாரம் போயிற்று. எடுக்கிற அட்டையில் ஒரு கஷ்டம் எழுதியிருக்கும், அதைச் சமாளிக்க வேண்டும். நகைக்கடை மதுமதி இரண்டாவது வாரத்திலேயே, "வாடகையக் குடுத்துட்டு அரிசி வாங்க மறந்துட்டேனே" என்று கண் கலங்கிவிட்டாள்!

உன்னையும் ஆஷாவையும் முன்வரிசையில் உட்காரவைத்தது எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? பஜ்ஜி வருவதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். உன் மகள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நான் என்ன தப்புப் பண்ணினேன்? திட்டவாவது திட்டு.

உன்
ஸ்வர்ணலதா


பட்டினப்பாக்கம்
8 மார்ச் 2026

ஸ்வர்ணாவுக்கு,

கூடையை இறக்கி, கை கழுவிவிட்டுத்தான் எழுதுகிறேன். ஆனாலும் தாளில் மீன் வாடை வரும். மூக்கைப் பொத்திக்கொண்டு படி.

திட்டச் சொன்னாய், வாங்கிக்கொள். ஆஷா எடுத்த அட்டையில் என்ன இருந்தது? உன் கையெழுத்துதானே? 'மீன்பிடித் தடைக்காலம். இரண்டு மாதம் படகு போகாது. அடுப்பு எரியவில்லை. லீவு என்று சொல்லிப் பிள்ளைகளை உறவுக்காரர் வீட்டில் விடு.' இதை என் மகள் மைக்கில் படித்தாள். பாதியில் அவள் குரல் நின்றுவிட்டது. உங்கள் ஆட்கள் கை தட்டினார்கள்.

அடிப் பாவி, உன்னிடம் மட்டும்தானே அதைச் சொன்னேன்! ஆஷாவின் அப்பா கோபால் காசிமேட்டு விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். சித்திரை பிறந்தால் அவர் படகு கரையில் கிடக்கும். பள்ளிக்கூடமும் அதோடு மூடிவிடும். அதுதான் வசதி என்று ஆஷாவையும் என் மகன் பாரத்தையும் கொட்டிவாக்கத்தில் நாத்தனார் வீட்டில் விட்டுவிடுவேன். அவள் புருஷனுக்கு மாதச் சம்பளம், சோற்றுக்குக் குறைவில்லை. பிள்ளைகளுக்கு அது லீவு. அத்தை சுடுகிற தோசை, மொட்டைமாடித் தூக்கம். இருபத்திரண்டு வயதாகியும் ஆஷா, "எங்கம்மா வருஷா வருஷம் எங்கள லீவுக்கு அனுப்பும்" என்று சிநேகிதிகளிடம் பீற்றிக்கொள்வாள். எங்கள் தெருவில் வேறு எந்தப் பிள்ளையும் லீவுக்கென்று எங்கேயும் போனதில்லை. அந்த ஒன்றில்தான் நான் அவளைப் பணக்காரி ஆக்கியிருந்தேன். அதைப் பிடுங்கிவிட்டாயே.

பேர் போடவில்லையே என்பாய். என் மகளுக்கு அவள் கதை தெரியாதா?

அன்று பஸ் இறங்கி வந்ததும் வீட்டு வாசலில் நின்றுகொண்டு கேட்டாள்: "பசங்க அங்க துன்னுச்சுங்க, சரி. அந்த ரெண்டு மாசம் நீ இன்னாம்மா துன்ன? அது அட்டையில இல்லியே." நான், "போடி, போய் வேலயப் பாரு" என்று உள்ளே போய்விட்டேன்.

போன் பண்ணாதே. பேசினால் அழுதுவிடுவேன்.

தேசம்மா


தி. நகர்
12 மார்ச் 2026

என் தேசு,

கடைக் கல்லாவில் உட்கார்ந்து உன் கடிதத்தைப் படித்தேன். புடவை பார்க்க வந்த அம்மாள், "என்னங்க, வீட்டுல யாருக்காச்சும் முடியலையா?" என்று கேட்கும்படி ஆயிற்று.

நான் செய்தது தப்பு. சமாதானம் சொல்ல எனக்கு வாயில்லை. ஊருக்கெல்லாம் புரியவைக்கிறேன் என்று கிளம்பியவள், உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அட்டையை உடனே கிழித்துப் போட்டேன். எங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் எழுந்து, இனி அரிசி தீபாவளிக்கு வேண்டாம், தடைக்காலம் தொடங்குகிற ஏப்ரல் பதினைந்துக்குக் கொடுப்போம், மேடையும் வேண்டாம், படமும் வேண்டாம் என்றேன். தலைவி ஜெயபாரதி, "படம் போடலேன்னா எவ குடுப்பா?" என்றாள். நல்ல சண்டை. பாதிப் பேர் என் பக்கம்.

ஆனால் ஒன்று என்னை அறுக்கிறது. நமக்கு முப்பது வருஷச் சிநேகிதம். நீ அந்தக் கதையைச் சொன்ன அன்று அழுதேன், காப்பி வாங்கிக் கொடுத்தேன். ஆஷா கேட்டதை நான் கேட்கவே இல்லை. இப்போது வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். அந்த இரண்டு மாதமும் நீ என்னடி சாப்பிட்டாய்?

பதில் எழுதாவிட்டாலும் உன் மேல் எனக்குக் கோபமில்லை.

ஸ்வர்ணா


பட்டினப்பாக்கம்
20 மார்ச் 2026

அடி ஸ்வர்ணா,

பதிலை முதலில் ஆஷாவுக்குச் சொன்னேன். அவளுக்குத்தான் அந்த உரிமை. இப்போது உனக்கு.

காலையில் டீ. மத்தியானம் குருணைக் கஞ்சி, சில நாள் அதுவும் பக்கத்து வீட்டு ஹாஜிரா பீ கொடுத்தது. விளக்கு வைத்ததும் நானும் அவரும் படுத்துவிடுவோம், தூங்கினால் பசி தெரியாது. வேலை தேடி உங்கள் பக்கமும் வந்திருக்கிறேன். உன் கடை இருக்கிற தெருவில் மட்டும் கால் வைக்க மாட்டேன், சுற்றிக்கொண்டு போவேன். பார்த்துவிட்டால், "சாப்ட்டியா தேசு?" என்று கேட்பாய். சாப்பிட்டேன் என்று உன்னிடம் பொய் சொல்ல வேண்டும்.

ஆஷா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு என் காலை அமுக்கிவிட்டாள். அப்புறம், "இன்னாவா இருந்தாலும் எனுக்கு அது லீவுதாம்மா. ஜாலியாத்தான் இருந்தேன்" என்றாள். நான் அழுதேன், போ. அழுவது பிடிக்காவிட்டாலும் அழுதேன்.

அட்டையைக் கிழித்தது உன் அவசரம். திரும்ப எழுது. அந்தத் தாய் என்ன சாப்பிட்டாள் என்பதையும் சேர்த்து எழுது. இந்த முறை நான் சொல்லி நீ எழுதுகிறாய், அதனால் ஆஷாவே மைக்கில் படிப்பாளாம். அரிசி கொடுக்கிற அன்று யாராவது போனைத் தூக்கிப் படம் பிடித்தால் மட்டும் எங்கள் தெருப் பெண்கள் விளக்குமாற்றோடு வருவார்கள், ஜெயபாரதியிடம் சொல்லிவை.

இன்னொன்று. அவருக்கு இந்தத் தடைக்காலத்தில் வலை பின்னுகிற வேலை கிடைத்திருக்கிறது, சாப்பாடும் அங்கேயே. பிள்ளைகள் இருவரும் சம்பாதிக்கிறார்கள், அவர்கள் வயிறு அவர்கள் பாடு. இந்த வருஷம் லீவுக்கு நான் போகலாம் என்று இருக்கிறேன். ஏப்ரல் பதினைந்தாம் தேதி மத்தியானம் உன் வீட்டுக்கு வருகிறேன். பத்து நாள் இருப்பேன்.

கதவைத் திறந்ததும், "சாப்ட்டியா?" என்று கேள். இல்லை என்று சொல்வேன்.

உன்
தேசு