ஆழிக்கோட்டைக்கு வந்த கருத்துகள்

9 மார்ச் 2025, ஞாயிறு

பூசைக்குக் கிளம்பும் முன்பே கருத்துகளைப் பார்த்தாயிற்று. தவக்காலத்துக்கு எதையாவது விட வேண்டுமென்றால் நான் இதைத்தான் விட்டிருக்க வேண்டும். இனிப்பை விட்டேன். அது எளிது.

‘ஆழிக்கோட்டை’ இரண்டாம் பாகம் வெள்ளிக்கிழமை வெளிவந்தது. ராசா ஊர்ப் பள்ளியில் டீச்சராக இருக்கும் லோகேஸ்வரி எழுதிய கதை. கிள்ளானில் சுகுமாரன் நடத்தும் ஒலிப்புத்தகக் கம்பெனி. குரல் நான். கடல்பாம்பு, படைத்தலைவன், சொந்தத் தம்பிக்கே விஷம் வைக்கும் ராணி நாகமதி, எல்லாருக்கும் ஒரே வாய். காலையில் பாலர் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கொக்கும் நண்டுமாகப் பேசிவிட்டு, மதியம் வீட்டு ஸ்டோர் ரூமில் நாலு பக்கமும் போர்வை மாட்டி உட்கார்ந்தால் நான் நாகமதி.

ஒருத்தர் எழுதியிருக்கிறார்: பாம்பு பேசும்போது என் மகன் என் மடிக்கு வந்துட்டான். (இதை மூன்று தடவை படித்தேன்.) இன்னொருவர்: ராணி பேசறது தோட்டத்துல மண்டோர் கூலியாள விரட்டற மாதிரி இருக்கு. மதுரையிலிருந்து ஒரு தம்பி: போர்க்களத்தில் ஒரு இடத்தில் ‘லா’ என்று கேட்டதே, அது என்ன ஆயுதமா? (நம் மலேசியப் பேச்சில் ஒட்டிக்கொண்டு வரும் வால், தம்பி.) இன்னொருவர்: ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்டால் நன்றாக இருக்கிறது. இன்னொருவர்: வாசிக்கிற அம்மா மூச்சு வாங்குவது கேட்கிறது.

மூன்றாம் பாகத்துக்கு யார் குரல் என்பதைக் கேட்பவர்கள் கருத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன் என்று சுகுமாரன் முன்பே சொல்லிவிட்டான். அதனால்தான் இந்தப் பாடு. எனக்கு அது வேண்டும். நாகமதி எப்படிப் போகிறாள் என்று என் வாயால் சொல்லி முடிக்க வேண்டும். இவ்வளவு வயதில் நான் வேறெதற்கும் இப்படி ஆசைப்பட்டதாக நினைவில்லை.

இவரிடம் படித்துக் காட்டினேன். சூசைமுத்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, “ராஜா ராணி கதைக்கு இத்தனை பேரு வேலையத்துப் போயா இருக்காங்க?” என்றார். ரெண்டு பாகம் வாசித்தாயிற்று. ஒரு அத்தியாயம் கேட்டதில்லை, இந்த மனுஷன்.

10 மார்ச்

புதிதாக ஒன்று. ஒரே நட்சத்திரம். “தூக்கம் வருகிறது.”

13 மார்ச், வியாழன்

 எழுதிவிட்டால் மனசு ஆறுமோ?

பள்ளி விடும் நேரத்தில் சுகுமாரன் கூப்பிட்டான். “அக்கா, முப்பத்தோராம் அத்தியாயம் கடைசி வரி கேட்டீங்களா?” கேட்கவில்லை. “இப்பக் கேளுங்க.” பிள்ளைகளை வேனில் ஏற்றிவிட்டு, சறுக்குமரத்துப் பக்கத்தில் நின்று கேட்டேன்.

நாகமதி தம்பியின் பிணத்துக்கு முன்னால் நிற்கிறாள். நான்தான், நன்றாகவே செய்திருக்கிறேன். “கொன்றது நானே. இன்னும் கொல்வேன்.” கொஞ்சம் அமைதி. அப்புறம் அதே நான், நிதானமாக, பக்தியாக: “இது ஆண்டவர் வழங்கும் அருள்வாக்கு.”

ஐயோ, ஏசுவே.

எனக்குத் தெரியும் எப்படி வந்தது என்று. அது ஒரு சனிக்கிழமை பதிவு செய்தது. மறுநாள் பூசையில் முதல் வாசகம் எனக்கு. காலையெல்லாம் அதையே பழகிக்கொண்டிருந்தேன். பதினெட்டு வயதிலிருந்து கோயில் மைக் முன்னால் பைபிள் வாசித்து முடித்தால் வாய் தானாகச் சொல்லுகிற வரி அது. சொன்னதே காதில் விழவில்லை. சுகுமாரனாவது பிடித்திருக்கலாம். அவன் இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டித்தான் சரிபார்ப்பானாம். அவனே சொன்னான், கொஞ்சம் வெட்கத்தோடு.

“மாத்திப் போட்டுடறேன்க்கா. ஆனா மூணாம் பாகம்... பணம் போடறவங்க கேப்பாங்க லா. நான் என்ன சொல்றது?”

ஒன்றும் சொல்லாதே தம்பி என்றேன். வேறென்ன சொல்ல?

14 மார்ச்

கருத்துகள் மழையாகக் கொட்டுகின்றன. பாதிப் பேர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். மீதிப் பேர் சிரிக்கவில்லை, அதுதான் ஆச்சரியம். இது பிழையே இல்லை, துப்பு என்கிறார்கள். கதைக்கு வெளியே நின்று யாரோ எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். “இவ்வளவு நாள் நமக்குக் கதை சொல்வது யார்? யோசித்தீர்களா?” என்று ஒருவர் ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே இன்னும் முப்பது பேர் சண்டை. மதுரைத் தம்பி ‘லா’வும் துப்புதான் என்று அடித்துச் சொல்கிறார்.

சிரித்துவிட்டேன். அப்புறம் அழுகையும் வந்தது.

16 மார்ச், ஞாயிறு

கோயிலுக்கும் எட்டிவிட்டது. யாரோ அந்தத் துண்டை மட்டும் வெட்டி அனுப்பியிருக்கிறார்கள். வாசகர் குழுவுக்குத் தலைவி கிளாடிஸ் அக்கா. பூசை முடிந்ததும் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார். கோபமாகப் பேசியிருந்தால் பரவாயில்லை, அன்பாகப் பேசினார். “மவுரீன், நீ வேணும்னு செய்யல, தெரியும். ஆனா சனங்க பேசறாங்கம்மா. கொஞ்ச நாளைக்கு வேற யாராச்சும் வாசிக்கட்டும்.”

ஃபாதர் பின்னால் நின்றார். சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. ஆனாலும் கிளாடிஸ் அக்காவுக்கு எதிராக ஒரு வார்த்தை பேசவில்லை. யார்தான் பேசுவார்கள்?

காரில் புக்கிட் பெலிம்பிங் ஊரைத் தாண்டினோம். “ரெண்டு மைக்கும் போச்சா?” என்றார் இவர்.

போச்சுங்க. சந்தோஷமா?

“நான் என்ன சொன்னேன் இப்ப?” என்றார். ஒன்னும் சொல்லல. நீங்க என்னைக்கு என்ன சொல்லியிருக்கீங்க? ஒரு வார்த்தை — நல்லாயில்ல, தூக்கம் வருது, அந்த ஒத்த நட்சத்திரக்காரன் சொன்ன அளவுக்காவது சொல்லியிருக்கலாம் இல்ல? சமைக்கவில்லை. அவர் ரொட்டி சானாய் வாங்கி வந்தார். ரமலான் மாதம், திறந்திருக்கும் கடையைத் தேடி அலைந்திருப்பார். ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து தின்றோம்.

20 மார்ச்

சுகுமாரன் அந்த வரியை வெட்டிப் புதிதாக ஏற்றிவிட்டான். மூன்றாம் பாகத்துக்குக் கோலாலம்பூர்ப் பெண் ஒருத்தியை வாசிக்க வைத்து மாதிரி அனுப்பினான். “கோவிச்சுக்காதீங்கக்கா, நீங்களே கேட்டுச் சொல்லுங்க.”

கேட்டேன். நன்றாக இருக்கிறது. மூச்சே கேட்கவில்லை. ‘லா’ வர வாய்ப்பே இல்லை. நாகமதி அவள் வாயில் உண்மையிலேயே ராணி.

நல்லா இருக்குன்னு எழுதி அனுப்பினேன். வயிறு எரிஞ்சுது.

21 மார்ச்

போர்வைகளைக் கழற்றித் துவைத்துப் போட்டேன். ஸ்டோர் ரூமில் மறுபடியும் அரிசி மூட்டை.

25 மார்ச், செவ்வாய்

லோகேஸ்வரி வந்தாள், சொல்லாமல் கொள்ளாமல். பள்ளி முடிந்து ராசாவிலிருந்து நேராக. முகம் பார்க்க நாலு நாள் தூங்காதவள் மாதிரி. மைலோ கலக்கிக் கொடுத்தேன். குடிக்காமல் பேசினாள்.

“ஆண்ட்டி, அந்த வரியை எடுத்ததும் என்ன ஆச்சு தெரியுமா? எங்க போச்சு, ஏன் எடுத்தீங்கன்னு சண்டை. நான் எழுதுன எந்த வரிக்கும் இப்படி யாரும் சண்டை போட்டதில்ல.”

எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மன்னிச்சிரும்மா என்றேன்.

“அதுக்கு வரல ஆண்ட்டி. மூணாம் பாகம் ஆறு மாசமா நகரல. எல்லாரும் சாகறாங்க, கோட்டை எரியுது, அப்புறம் என்னன்னு தெரியல. இவங்க கேட்டாங்க பாருங்க, ‘யார் சொல்றது’ன்னு? அதை நான் யோசிக்கவே இல்ல. இப்பத் தெரிஞ்சிருச்சு. ஒருத்தி பொழைச்சு வர்றா. கோட்டையில சமையக்காரி. ஊர் ஊரா சந்தையில நின்னு நடந்ததைச் சொல்றா. ரெண்டு பாகமும் அவ சொன்னதுதான். ஒவ்வொரு அத்தியாயத்தையும் ஒரே வரியில முடிக்கிறா. அது அந்தக் கோலாலம்பூர்ப் பொண்ணோட ராணி குரல்ல வந்தா யாரும் நம்ப மாட்டாங்க. நீங்கதான் வாசிக்கணும்.”

நான் உடனே சரி சொல்லவில்லை. இரண்டு விஷயம் சொன்னேன். கோயில் வரியைத் தொடக்கூடாது, அது விளையாட்டுக்கு இல்லை. சமையல்காரி தன் சொந்த வார்த்தையில் முடிக்கட்டும். இன்னொன்று, அவள் சொல்லி முடித்தால் கூட்டத்திலிருந்து ஒரு பதில் வேண்டும். பதில் இல்லாமல் முடித்தால் மொட்டையாக நிற்கும். இத்தனை வருஷம் மைக் முன்னால் நின்றவளுக்கு அது தெரியும். நாம் சொல்வதைவிட, அவர்கள் திருப்பிச் சொல்லும்போதுதான் உடம்பு சிலிர்க்கும்.

உட்கார்ந்து யோசித்தோம். மைலோ ஆறிப் பாலாடை கட்டிவிட்டது. கடைசியில் வந்தது:

“கண்டதைச் சொன்னேன்.”

“கேட்டதைக் காப்போம்.”

லோகேஸ்வரி அதைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு அழுதாள். நானும்தான்.

28 மார்ச்

சுகுமாரன் ஒத்துக்கொண்டான்! “ஆனா அக்கா, இனிமே நான் சாதாரண வேகத்துலதான் கேப்பேன்.” கேளுடா தம்பி, கேளு.

அரிசி மூட்டை சமையலறைக்குப் போனது.

20 ஏப்ரல், உயிர்ப்பு ஞாயிறு

முதல் வாசகம் வேறொரு பெண். அழகாக வாசித்தாள். நான் பெஞ்சிலிருந்து சனங்களோடு சேர்ந்து பதில் சொன்னேன், “இறைவா உமக்கு நன்றி.” வலிக்கவில்லை என்று எழுத ஆசை. வலித்தது.

17 ஜூன்

காற்றாடி போடக்கூடாது, விசிறிச் சத்தம் பதிவில் வரும். நாகமதி வியர்வையில் குளிக்கிறாள்.

ஒன்று கவனித்தேன். முன்பெல்லாம் நான் பதிவு செய்யும்போது இவர் லோரியை வீட்டு வாசல் வரை உறுமவிட்டு வருவார், பாதி அத்தியாயம் நாசம். இப்போது ஒரு வாரமாக முச்சந்தியிலேயே நிறுத்திவிட்டு நடந்து வருகிறார். கேட்டதற்கு, “செம்பனைக் குலை ஏத்தி இறக்கி கால் மரத்துப் போவுது, நடந்தா நல்லது லா” என்றார். சர்க்கரை இருக்கிறதோ? கிளினிக்குக் கூட்டிப் போக வேண்டும்.

2 ஆகஸ்ட்

முடித்தேன். நாகமதி போய்விட்டாள். எப்படி என்று இங்கேகூட எழுதமாட்டேன்.

14 செப்டம்பர், ஞாயிறு

மூன்றாம் பாகம் வெளிவந்து மூன்றாம் நாள். கருத்துகளைப் பார்க்க மாட்டேன் என்று உட்கார்ந்து, பார்த்துவிட்டேன்.

எழுதுகிறார்கள்! ஈப்போ, சிங்கப்பூர், மதுரை. நீளமாக ஒன்றுமில்லை. “கேட்டதைக் காப்போம்.” அவ்வளவுதான். ஒருவருக்குக் கீழே ஒருவர். அந்த ஒன்றரை மடங்குக்காரர்கூட, “இதை மெதுவாகவே கேட்டேன்” என்கிறார். ஒரே ஒருவருக்கு இன்னும் தூக்கம் வருகிறது. தூங்கட்டும் பாவம்.

இவரிடம் சொன்னேன். “முடிஞ்சிருச்சா? அப்ப இனி மத்தியானம் காற்றாடி போடலாம்” என்றார். கோபம்கூட வரவில்லை. ஊரே கேட்டது, இவர் கேட்கவில்லை, அவ்வளவுதானே. பரவாயில்லை. பரவாயில்லையா?

7 அக்டோபர்

கிளாடிஸ் அக்கா கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை முதல் வாசகம் எனக்கு. “பாத்து வாசிம்மா” என்றார், சிரித்துக்கொண்டே.

12 அக்டோபர், ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நாமான் ஆற்றில் மூழ்கித் தொழுநோய் நீங்கிய வாசகம். நன்றாகப் பழகியிருந்தேன். குரல் தடுமாறவில்லை. கோயில் நிறைய சனம். கடைசி வாக்கியம் முடிந்தது. நிமிர்ந்தேன். எல்லோரையும் பார்த்து, நிதானமாக, பக்தியாகச் சொன்னேன்:

“கண்டதைச் சொன்னேன்.”

முன்வரிசையில் தலைகள் நிமிர்ந்தன. கிளாடிஸ் அக்கா கண்ணை மூடிக்கொண்டார். 

அப்போது கடைசிப் பெஞ்சிலிருந்து, லோரி ஓட்டி ஓட்டிக் கரகரத்த அந்தக் குரல், கோயில் முழுக்கக் கேட்கும்படி:

“கேட்டதைக் காப்போம்!”

இவர்தான். சொல்லிவிட்டுத்தான் அவருக்கே உறைத்திருக்கிறது. காது வரை சிவந்துபோய் நின்றார். ஃபாதர் முதலில் சிரித்தார், அப்புறம் கோயிலே சிரித்தது. நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு சரியான வரியைச் சொன்னேன். எல்லோரும் சரியாகப் பதில் சொன்னார்கள். கிளாடிஸ் அக்காவின் குரல்தான் உரக்கக் கேட்டது. கண்ணைத் திறந்திருந்தார், ஓரத்தில் ஈரம்.

காரில் கேட்டேன். “எப்ப இருந்துங்க?”

“லோரியில ரேடியோ கெட்டுப்போச்சு. வேற என்ன கேக்கறது?”

“எந்தப் பாகம்?”

“மூணும். மொதப் பாகம் ரெண்டு தடவை.” புக்கிட் ரோத்தான் சிக்னல் வந்துவிட்டது. சிவப்பு. “நாகமதிக்கு அந்த முடிவு பத்தாது. இன்னும் கொஞ்சம் பட்டிருக்கணும்.”

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். எனக்கெல்லாம் அதுபத்திச் சொல்லத் தெரியுமா என்றார். சிக்னல் பச்சையானது, பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான், இவர் நகரவில்லை.

“எவனோ எழுதியிருந்தானாமே, மூச்சு வாங்கறது கேக்குதுன்னு. நீகூட படிச்சுக் காட்டினே. அதை மாத்திராதே. அது கேட்டாத்தான் பக்கத்து சீட்டுல நீ உக்காந்திருக்கற மாதிரி இருக்கு.”

வீட்டுக்கு வந்து சமைத்தேன். நல்ல மீன் குழம்பு. லோரி ரேடியோவை ரிப்பேருக்குக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.