யாரும் உடுத்தாத துணி

மலையடிவாரம்
18.9.87, வெள்ளி

அன்பும் மரியாதையும் உள்ள வார்டனம்மாவுக்கு, அடுப்படி ராஜாம்பாள் கைகூப்பி எழுதிக்கொள்வது. விடுதியில் பிள்ளைகள் முப்பத்திரண்டும் சுகம். திருநாவலூரில் அம்மா வீட்டில் நீங்களும் வயிற்றில் இருக்கும் குட்டி வார்டனும் சுகமா? இப்போதே உதைக்கிறது என்றால் பெண்தான். உங்களைப் போல விசில் ஊதிக்கொண்டேதான் வெளியே வரும். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். பிழைக்கெல்லாம் சிவப்பு மசி போட்டுத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

நேற்றிலிருந்து ரோட்டில் ஒரு வண்டி இல்லை. இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் மறியலாம். சங்கராபுரம் ரோட்டில் பெரிய புளியமரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். வெட்டியவர்களில் என் வீட்டுக்காரர் வீரமுத்துவும் ஒருவர். இருபது வருஷமாக எனக்கு ஒரு சுள்ளி ஒடித்துத் தராத மனுசன், வந்து நின்று, “பாத்தியாடி, உம் புருசன் இன்னா லேசுப்பட்டவனா” என்று மீசையை முறுக்குகிறார். “மரத்த சாய்ச்சிட்டு வந்துட்டாரு. அடுப்புக்கு ரெண்டு கட்ட எடுத்தாரத் துப்பு இல்ல” என்றேன். சிரித்தோம். ஆனாலும் ரோடு இப்படி ஊமையாகி நான் பார்த்ததில்லை. கோடாலிச் சத்தம் நின்றால் எதுவுமே கேட்கவில்லை. கள்ளக்குறிச்சிப் பக்கம் டயர்ப் புகை. மலை உச்சி மூன்று நாளாகக் கருத்துக் கிடக்கிறது. மழை எல்லாம் அங்கேதான். இங்கே ஒரு சொட்டு இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மாசாமாசம் ஆபீசிலிருந்து வரும் காடாத் துணிச் சுருள் வரவில்லை. அது இருந்த பஸ் அந்தப் புளியமரம் வரைக்கும் வந்து திரும்பிப் போய்விட்டதாம். பெண் பிள்ளைகளின் அந்த நாளுக்கு அரசாங்கம் துணி தர வேண்டும் என்று நீங்கள் கேட்டபோது, ஓர் அதிகாரி ஃபைலால் முகத்தை மூடிக்கொண்டார் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பீர்களே, அந்தத் துணி. அது வந்த பிறகுதானே மலைப் பிள்ளைகள் ஊருக்குப் போய் ஒதுக்குக் குடிசையில் உட்காராமல் இங்கேயே தங்குகிறார்கள். அதற்கு முன்னால் போன பிள்ளைகளில் பாதிதான் திரும்பி வரும். மீதிக்கு அங்கேயே தாலி.

நம் ஆயம்மாளின் அப்பா தெய்வசிகாமணி உங்களிடம் வைத்த நிபந்தனை நினைவிருக்கும். யாரும் உடுத்தாத புதுத் துணி கொடுத்தால் மகள் இங்கே இருந்து பத்தாவது எழுதட்டும். ஒரு தரம் அந்த நாளில் மலையேறி வந்துவிட்டால் படிப்பு முடிந்தது, மாமனுக்குக் கட்டிக் கொடுத்துவிடுவேன் என்றாரே. வேறு வீட்டுத் துணி பட்டால் இன்னும் மோசமாம். ஓடுகிற தண்ணீரில் தலை முழுகாமல் ஊருக்குள் கால் வைக்கக் கூடாது, வைத்தால் அவர்கள் வீட்டில் ஓர் உயிர் போகும் என்று நம்புகிறவர்கள்.

நேற்றுக் காலையில் ஆயம்மாள் அடுக்களை வாசலில் வந்து நின்றாள். “அக்கா, துணி வந்துச்சா?” என்றாள். முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. காலாண்டுப் பரீட்சைக்குப் பத்து நாள் கூட இல்லை. சங்கராபுரத்துக்கு ஆள் விட்டேன். உமர் பாரூக் பாய் ஜவுளிக்கடையும் சாத்திக் கிடக்கிறது.

என் மூளையைக் கேளுங்கள். உங்கள் குழந்தை பிறந்ததும் ஏந்திப் பிடிக்க மெத்தென்று இருக்கட்டும் என்று வீட்டுக்காரரின் பழைய வேட்டி ஒன்றை எடுத்து வைத்திருந்தேன். அதில் பாதியைக் கிழித்தேன். கரையை உருவிப் போட்டு, கஞ்சி போட்டுத் தேய்த்து மடித்து, உங்கள் மேசையில் இருந்த விடுதி முத்திரைக் கட்டையை எடுத்து நீல மசியில் ஓங்கி ஒரு குத்து. ஆபீஸ் துணி தோற்றது போங்கள். “ஒரு துண்டுதான் வந்துச்சு, உனக்குத்தான் மொதல்ல” என்று கொடுத்தேன். பிள்ளை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

திட்டத்தான் போகிறீர்கள். ஆனால் பிள்ளை தங்கிவிட்டாள், பாருங்கள். உங்கள் குழந்தைக்கும் பாதி வேட்டி மிச்சம் இருக்கிறது.

20.9.87, ஞாயிறு

தபால்காரர் வரவில்லை. அதே தாளில் எழுதுகிறேன்.

வேட்டியின் மூலையில் சலவைக்காரர் போட்ட குறி இருந்திருக்கிறது. மூன்று புள்ளி, ஒரு கோடு. எங்கள் வீட்டுத் துணிக்கெல்லாம் அதுதான். தினம் பார்த்துப் பார்த்துக் கண்ணுக்கே தெரியாமல் போய்விட்டது. கரையைப் பார்த்துக் கிழித்தவள் மூலையைப் பார்க்கவில்லை.

நேற்று மத்தியானம் துவைக்கிற கல்லில் ஆயம்மாள் அதைக் கண்டுவிட்டாள். ஈரத் துணியை விரித்துப் பிடித்தபடி என்னிடம் வந்து, “இது யாரு வூட்டுதுக்கா?” என்று மட்டும் கேட்டாள். “கவர்மெண்ட்டு துணிய மட்டும் சலவைக்குப் போட மாட்டாங்களாடி, மக்கு” என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. சீல் குத்திய இடத்தைப் பார்த்தாள், குறியைப் பார்த்தாள். பிறகு கொடியில் கிடந்த என் வீட்டுக்காரர் துண்டைப் பார்த்தாள். அதிலும் அதே மூன்று புள்ளி, ஒரு கோடு.

சாயங்காலம் தட்டு போடும்போது முப்பத்தொரு பிள்ளைகள்தான்.

ஒற்றையடிப் பாதையில் மலையேறிப் போனாள் என்று அவள் பக்கத்தில் பாய் போடுகிற காசியம்மாள் சொல்கிறாள். தடுத்தாளாம். “வூட்ல சொல்லிடணும்டி, இல்லன்னா அம்மாவுக்கு எதுனா ஆயிடும்” என்றாளாம். அழக்கூட இல்லையாம்.

ஊருக்குத்தான் போயிருப்பாள். நாலு மணி நேர நடை, பிறந்ததிலிருந்து நடந்த பாதை. ஒதுக்குக் குடிசையில் உட்கார்ந்து என்னைத் திட்டிக்கொண்டிருப்பாள். திட்டட்டும். நீங்கள் வந்து ஒரு தரம் பேசினால் அவள் அப்பா அனுப்பிவிடுவார். உங்கள் வாய்க்கு முன்னால் யார் நிற்பது?

ஓடைச் சத்தம் இன்று விடுதி வரைக்கும் கேட்கிறது. இங்கே இன்னும் ஒரு சொட்டு மழை இல்லை.

22.9.87, செவ்வாய்

இன்று காலையில் தெய்வசிகாமணி வந்தார். தோளில் சாமை மூட்டை. மறியலில் விடுதிக்கு அரிசி வந்திருக்காது, பிள்ளை பட்டினி கிடக்கும் என்று கொண்டு வந்தாராம். ஓடை நிறையப் போகிறதாம், அதனால் மேல் பாதையில் சுற்றிக்கொண்டு வந்தாராம். மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, “எங்கம்மா எம் பொண்ணு? பரீட்சைக்குப் படிச்சிக்கினு இருக்குதா?” என்று சிரித்தார்.

வார்டனம்மா, சனிக்கிழமையே வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள் என்று அவரிடம் நான்தான் சொன்னேன்.

என் வீட்டுக்காரரிடம் ஓடினேன். மறியலில் இருந்த ஆட்கள் எல்லோரும் மரத்தை விட்டுவிட்டு வந்தார்கள். மத்தியானம் ஓடைக்கரையில், பாதை இறங்குகிற இடத்தில், பாறை மேல் அந்தத் துணி இருந்தது. துவைத்து, நாலாக மடித்து, காற்றில் போகாமல் மேலே ஒரு கல். பக்கத்தில் அவள் கணக்குப் புத்தகம், ஈரம் படாமல் தேக்கிலையில் சுற்றி. தண்ணீர் ஆள் மட்டத்துக்கு மேலே போகிறது. அக்கரையில் தடம் எதுவும் தெரியவில்லை. கீழே மடு வரைக்கும் போயிருக்கிறார்கள். இதை எழுதும்போதும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

தெய்வசிகாமணி என்னைத் திட்டவில்லை. துணியை எடுத்து வந்து, குறி இருக்கிற மூலையைக் காட்டி, “இது உங்க வூட்டுதுங்களாம்மா?” என்று மரியாதையாகக் கேட்டார். ஆமாம் என்றேன். என் கையில் கொடுத்துவிட்டு மறுபடி ஓடைக்குப் போனார்.

என் வீட்டுக்காரர் புளியமரத்தைத் துண்டு போட்டு வழி விட்டிருக்கிறார். மறியல்காரர்கள் யாரும் தடுக்கவில்லை. உமர் பாரூக் பாய் சங்கதி கேள்விப்பட்டு ஒரு சுருள் புதுத் துணியோடு சைக்கிளில் வந்தார். அப்படியே உங்கள் மேசை மேல் வைத்திருக்கிறேன். அதில் சீல் குத்த எனக்குக் கை வரவில்லை. நீங்கள் வந்து குத்துங்கள். இந்தக் கடிதத்தை பாய்தான் கொண்டு வருகிறார்.

இந்த உடம்போடு கிளம்பி வந்துவிடாதீர்கள். ஏதாவது தெரிந்தால் நானே ஆள் அனுப்புகிறேன். சாயங்காலம் முப்பத்திரண்டு தட்டும் போடத்தான் போகிறேன்.

குழந்தைக்குப் பாதி வேட்டி இருக்கிறது என்று எழுதியிருந்தேன் அல்லவா, அதை அனுப்பவில்லை. பிள்ளை பிறந்ததும் பழைய துணியில்தான் ஏந்த வேண்டும் என்று உங்கள் அம்மா சொல்வார்கள். கேட்காதீர்கள், தாயே. உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். யாரும் உடுத்தாததாக ஒன்று எடுத்து வையுங்கள். தாயும் பிள்ளையும் நல்லபடியாக வீடு வந்து சேர வேண்டும்.

இப்படிக்கு,
ராஜாம்பாள்