உங்கள் வீட்டுத் தண்ணீர்

குடவாசல்,
புதன்கிழமை.

அன்புச் சகோதரி மலர்கொடி அவர்களுக்கு,

ரெமிஜியஸின் தாயார் செசிலியம்மாள் எழுதுவது. நீங்களும், உங்கள் வீட்டுக்காரரும், மகள் கனகாவும், கடலுக்குப் போயிருக்கும் மகன் ஜெகனும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நான் நலம் என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் முறை. அதை என்னால் எழுத முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாகூரில் உங்கள் வீட்டுக்குக் கனகாவைப் பெண் கேட்டு வந்தபோது நீங்கள் நீட்டிய சொம்பை நான் வாங்கவில்லை. உங்கள் வீட்டுக்காரர் சீவிக் கொடுத்த இளநீரைத் தரையில் வைத்துவிட்டேன். வறுத்த மீனையும் தொடவில்லை. நாங்கள் படியிறங்கும்போது ஜெகன், “நம்ம சொம்பு மீன் நாத்தம் அடிக்குது போலக்கா, விளக்கி வை” என்று கனகாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

மறுநாள் உங்கள் வீட்டுக்காரர் ரெமிஜியஸிடம் போனில், தங்கள் கையால் தண்ணீர் வாங்காத வீட்டுக்குப் பெண்ணைக் கொடுப்பதற்கில்லை என்று மரியாதையாகவே சொல்லிவிட்டார். என் மகன் உண்மைக் காரணத்தைச் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று ஜெபமாலை மேல் சத்தியம் வாங்கியிருந்தவள் நான். அன்றிலிருந்து அவன் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை.

எனக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. சர்க்கரையால் வந்தது. மூன்றாம் நிலையில் இருக்கும்போதே டாக்டர், உப்பைக் குறையுங்கள், மூட்டுவலி மாத்திரையை விடுங்கள் என்றார். வலி ஒன்றும் இல்லை, எனக்கென்ன நோய் என்று டாக்டரை மாற்றினேன். இப்போது ஐந்தாம் நிலை. செவ்வாயும் வெள்ளியும் தஞ்சாவூரில் டயாலிசிஸ். அக்காளைப் பார்க்கப் போவதாகத் தெருவில் சொல்லி வைத்திருக்கிறேன்.

குடிக்கிற தண்ணீர் உடம்பைவிட்டு வெளியேறுவதில்லை. அளவு மீறினால் நுரையீரலில் தேங்கி மூச்சு முட்டும். அதனால் காபி, ரசம் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளந்து கொடுத்திருக்கிறார்கள். அன்று வெயிலில், பஸ்ஸிலேயே அதைக் குடித்துத் தீர்த்துவிட்டேன். வறுத்த மீனின் உப்பு எனக்கு ஆகாது. இளநீரில் இருக்கும் பொட்டாசியம் என் இதயத்தையே நிறுத்திவிடக் கூடியது.

இதை அங்கேயே ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். நோயாளி மாமியாருக்குப் பணிவிடை செய்யப் பெண் தேடுகிறார்கள் என்று நினைப்பீர்களே என்று பயந்தேன். கஷ்டத்தை முகத்தில் காட்டாதே என்று கான்வென்டில் வளர்க்கப்பட்டவள் வேறு. ஆனால் எழுதக் கை கூசுவது அதற்காக அல்ல. நான் சாதி பார்க்கிறேன் என்று நீங்கள் எண்ணியது எனக்கு அங்கேயே புரிந்தது. புரிந்தும் இத்தனை நாள் அப்படியே விட்டுவிட்டேன். நோயாளி என்று தெரிவதைவிட அது எனக்குக் கௌரவமாகப் பட்டிருக்கிறது. இதை நினைத்தால் கோயிலில் தலை நிமிர முடியவில்லை.

ரெமிஜியஸ்மேல் தவறு இல்லை. அவனுக்குச் செய்த பரிசோதனையில் சர்க்கரை கிடையாது. ரிப்போர்ட்டைக் காட்டச் சொல்லுகிறேன். இந்தக் கடிதத்தைக் கனகாவிடம் கொடுங்கள். வேண்டாம் என்று அவள் சொன்னால் அதில் நியாயம் உண்டு. ஆனால் உங்கள் வீட்டுத் தண்ணீரை நான் வாங்காததற்காக வேண்டாம் என்று மட்டும் சொல்ல வேண்டாம்.

கடலுக்குப் போனவர் எல்லோரையும் மாதா பத்திரமாகக் கரை சேர்க்கட்டும். நான் மறுபடி வர அனுமதி கொடுங்கள். அன்று காலையிலிருந்து ஒன்றும் குடிக்காமல் வருகிறேன். உங்கள் கையால் அரை டம்ளர் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் பதிலை எதிர்பார்க்கும்
செசிலியம்மாள்