பெயரை மட்டும் மாற்றி அடித்த உத்தரவு

அனுப்புநர்:
அப்துல் சுபான்,
தக்காளி மண்டி, கடை எண் 9,
சந்தைத் தெரு, தொட்டிமேடு,
மாரண்டஹள்ளி வழி, தருமபுரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
தருமபுரி.

பொருள்: கம்ப்யூட்டரில் பழைய உத்தரவை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றி அடித்ததால் ஜானகியம்மாள் கடை இழந்தது – திருத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் சந்தையில் ஜானகியம்மாளின் கடை தவறான உத்தரவால் பறிக்கப்பட்டு, ஏலத்தில் எனக்கு விடப்பட்டது. அந்தக் கடையில் இன்று வியாபாரம் செய்பவன் நான்தான். புகார் கொடுப்பவனும் நான்தான்.

2. கடை அவர் கணவர் பச்சியப்பன் பெயரில் இருந்தது. கணவர் இறந்ததும் தன் பெயருக்கு மாற்றித் தரும்படி சந்தை அலுவலகத்தில் மனு கொடுத்தார். ஆங்கிலத்தில் ஒரு உத்தரவு வந்தது. கடை தனக்கு வந்துவிட்டதென்று நம்பி, அதைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். ஆட்கள் வந்து தராசையும் கூடைகளையும் தெருவில் போட்டபோதுதான் அது ரத்து உத்தரவு என்று தெரிந்தது.

3. "கடை வேண்டாம்னு நான் எழுதிக் குடுக்கலீங்களே" என்று அவர் அழுதார். "மிசின்ல அடிச்சு வந்திருக்குது ஆயா. மிசினுக்கு உம் மேல என்ன பகையா?" என்றார் குமாஸ்தா. எல்லோரும் சிரித்தார்கள். புதுப் பூட்டோடு நானும் அங்கே நின்றேன்.

4. பிறகு அவர் கல் உடைக்கப் போனார். சில்லு தெறித்து இடது கண் போய்விட்டது.

5. சென்ற மாதம் கடையைக் காட்டிக் கடன் கேட்டேன். பாங்கில் பழைய ரத்து உத்தரவையும் கேட்டார்கள். அலுவலகத்தில் நகல் வாங்கிக் கொடுத்தேன். அதில் எழுதியிருந்த காரணத்தைப் பாங்குக்காரர் தமிழில் சொன்னார்: "மகனோடு பெங்களூரில் குடியேறுவதால் கடையை விரும்பி ஒப்படைக்கிறார்." ஜானகியம்மாளுக்கு மகனே கிடையாது. அப்படி ஒப்படைத்துப் போனவர் மாரியப்பன் என்ற வேறொரு கடைக்காரர்.

6. சந்தை அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் அடிக்கும் சவுரியப்பனைக் கேட்டேன். மறைக்காமல் சொன்னார்: "ஒவ்வொண்ணையும் புதுசா அடிச்சா விடிஞ்சுரும் பாய். பழச எடுத்து, பேரையும் நம்பரையும் மாத்தி பிரிண்ட் குடுத்தா முடிஞ்சுதுங்க. கம்ப்யூட்டர் கிளாஸ்ல அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க." பெயர் மாற்ற உத்தரவுக்குப் பதில் அவர் எடுத்தது மாரியப்பனின் ரத்து உத்தரவு; காரணம் எழுதிய வரியும் மாறவில்லை. கையெழுத்துப் போட்டவரும் படிக்கவில்லை.

7. நேரம் மிச்சம் பிடிப்பதை நான் குறை சொல்லவில்லை, நானும் வியாபாரி. ஆனால் இன்னொருவர் உத்தரவை எடுத்துத் திருத்துவதற்குப் பதில், பெயர், எண், காரணம் மூன்றும் காலியாக விட்ட படிவம் ஒன்றைக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ளலாம். விட்டுப்போனால் வெற்றிடமாவது கண்ணில் படும். கையெழுத்துக்கு முன் உரியவருக்குத் தமிழில் படித்துக் காட்டவும் ஆணையிட வேண்டுகிறேன்.

8. ஜானகியம்மாளைத் தேடிப்போய் விவரம் சொன்னேன். "கடைய நீங்களே வச்சிக்கங்க பாய். எனக்கு மகன் இருக்கான்னு எழுதுனது யாருன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க" என்றார். தாங்கள் விசாரித்து, ரத்தை நீக்கி, கடையை அவர் பெயருக்கே மாற்றித் தர வேண்டுகிறேன்.

9. அதுவரை நாங்கள் பேசி முடித்தது: கடையின் முன்பாதி இன்று முதல் அவருக்கு, பின்பாதியில் என் கூடைகள். வாடகை முழுவதும் நான் கட்டுவேன். உத்தரவு திருந்தும் அன்று சாவி அவர் கைக்குப் போகும். என் ஏலப் பணத்தை அலுவலகத்திடம்தான் கேட்பேன், அவரிடம் கேட்க மாட்டேன்.

இடம்: தொட்டிமேடு
நாள்: 14.8.1989

(ஒப்பம்) அப்துல் சுபான்

ஒன்பதாவது பத்தி படித்துக் காட்டப்பட்டது, சம்மதம்:
ஜானகியம்மாள், இடது கைப் பெருவிரல் ரேகை