ஒற்றை எண் உங்களுக்கு, இரட்டை எண் அவருக்கு

அண்ணாச்சி,

இன்று காலை களியக்காவிளை கூரியர் ஆபீஸிலிருந்து புது இதழ்க் கட்டை ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுவந்தேன். பாறசாலைக் கடையின் ஷட்டரைத் தூக்கி, பிளேடால் டேப்பைக் கீறிப் பிரித்ததும் அச்சு மை வாசனை முகத்தில் அடித்தது. அந்த வாசனை வந்துவிட்டால் என் கை தானாக ஒரு வேலையைச் செய்யும். மேலே உள்ளதையும் அடியில் உள்ளதையும் விட்டுவிட்டு, நடுவிலிருந்து மூலை மடங்காத ஒரு பிரதியை உருவித் தனியே வைக்கும். இன்றும் வைத்தது. வைத்த பிறகுதான் உறைத்தது. யாருக்கு இது? நீங்கள் போய் ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது. சத்தியமாக அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. செத்த பிறகும் நல்ல பிரதி உங்களுக்குத்தானா?

நான் பாட்டுக்கு போட்டோஸ்டாட் எடுத்து, கூரியர் வாங்கிப் பிழைத்துக்கொண்டிருந்தேன். பஸ் கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்த நீங்கள், ஏதோ பழைய காமிக்ஸ் அட்டையைக் கலர் நகல் எடுக்க வந்த இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டீர்கள். "மக்கா, தமிழ் காமிக்ஸ் வாங்கணும்னா கேரளாவுல இந்தப் பக்கம் ஒரு கடை கிடையாது. நீ ஏஜென்சி எடு. நான் ஒருத்தன் போதும் உனக்கு" என்றீர்கள். ஒருவர் போதும் என்பது உண்மைதான். உங்கள் ஒருவரைச் சமாளித்த பிறகு எந்த வாடிக்கையாளரும் எனக்குப் பெரிதாகத் தெரிந்ததில்லை.

கடையில் கூட்டம் நிற்கும். ஒரு பெண் ஆதார் கார்டை நகலெடுக்க நீட்டிக்கொண்டிருப்பாள். நீங்கள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, பெருவிரலால் புத்தகத்தின் நாலு மூலையையும் தடவி, ஸ்டேப்ளர் பின்னில் துரு உண்டா என்று பார்த்து, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து, கடைசியில் திருப்பி நீட்டுவீர்கள்.

"இதுல ஒரு மடிப்பு இருக்கு."

"எங்க அண்ணாச்சி? எனக்குத் தெரியலியே."

"உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். வேற எடு."

போதாததற்கு என் அலமாரியிலும் கை வைப்பீர்கள். நான் அழகாக நிற்க வைத்திருப்பதை எல்லாம் படுக்க வைத்துவிட்டுப் போவீர்கள். "புக்கு படுத்துக் கிடக்கணும். நின்னா முதுகு வளைஞ்சுபோவும்." காட்டாக்கடையிலிருந்தும் கோழிக்கோட்டிலிருந்தும் சேகரிப்பாளர்கள் என்னைத் தேடி வர ஆரம்பித்தபோது, அவர்களிடமும் இதையே நான் சொல்லிக்கொண்டிருந்தேன். உங்கள் நச்சரிப்பில் தொழில் கற்றேன் என்று ஒப்புக்கொள்கிறேன். நச்சரிப்பு நச்சரிப்புதான்.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் பனச்சமூட்டிலிருந்து ஒருவர் வந்தார். தமிழ்நாட்டுப் பக்கம் பைப்பும் தண்ணீர் டாப்பும் விற்கிற கடை வைத்திருப்பதாகச் சொன்னார். புது இதழைக் கையில் எடுத்ததும் பெருவிரலால் நாலு மூலையையும் தடவினார். பின்னைப் பார்த்தார். முகர்ந்தார். இதே போல இன்னொருவரா என்று நிமிர்ந்து பார்த்தால், உங்கள் நெற்றி, உங்கள் காது.

"பழைய இதழ் கிடைச்சா எனக்கிட்ட செல்லணும்" என்றார். "ஒற்றை எண்ணு மட்டும் போதும். இரட்டை எண்ணு எல்லாம் எனக்கு உண்டு."

நீங்கள் அதற்கு முன்பே வருஷக்கணக்காக என்னிடம் இரட்டை எண் இதழ்களைத் தேடச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். நான் ஒரு முட்டாள். இரண்டு பக்கமும் பொருந்துகிறதே, நல்ல வியாபாரம் வந்ததே என்று அன்று சாயங்காலமே உங்களிடம் ஓடிவந்து சொன்னேன். நீங்கள் கையிலிருந்த கட்டஞ்சாயாவைக் கீழே வைத்துவிட்டு, "அவன் எனக்க தம்பியாக்கும்" என்றீர்கள்.

மிச்சத்தை உங்கள் மனைவி, என் மைனி, அடுக்களையில் வைத்துச் சொன்னார். உங்கள் அப்பா இறந்த பிறகு, வீட்டுக்குப் போகிற நடைபாதை யார் பங்கு என்பதில் சண்டை. சர்ச் சபைப் பெரியவர்கள் உட்கார்ந்து நிலத்தைப் பிரித்தார்கள், பாத்திரம் பிரித்தார்கள், கடைசியில் கட்டிலுக்கு அடியிலிருந்து காமிக்ஸ் பெட்டி வந்தது. இரண்டு பேரும் சிறுவயதில் காசு சேர்த்து மாதாமாதம் வாங்கிய இதழ்கள். ஒரு மாமா அலுத்துப்போய், சீட்டுப் போடுவது போல வரிசையாக, இது உனக்கு, இது அவனுக்கு என்று போட்டுவிட்டார். மூத்தவருக்கு முதலில். அப்படித்தான் ஒற்றை எண் முழுக்க உங்களிடமும் இரட்டை எண் முழுக்க அவரிடமும் போய்ச் சேர்ந்தன. அந்த இதழ்களில் பாதிக் கதைகள் இரண்டு பாகம். கொலை உங்கள் வீட்டில் நடந்தது, கொலைகாரன் பனச்சமூட்டில் பிடிபட்டான்.

"ஈ மனுஷன்மாரெக் கொண்டு தோற்று" என்று மலையாளத்தில் அலுத்துக்கொண்டே மைனி தேங்காய்த் துருவலைச் சட்டியில் கொட்டினார். அன்று சிரித்தேன். பிறகு இந்த மனுஷர்களிடம் நானும்தான் தோற்றேன்.

பெருங்கடவிளையில் ஒரு வீட்டைக் காலி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமையை அந்தத் தூசியில் தொலைத்து, உங்களுக்கு வேண்டிய இரட்டை எண் இதழ் ஒன்றைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தேன். அட்டை பளபளவென்று, பக்கம் ஒன்று குறையாமல். நீங்கள் முதல் பக்கத்தைத் திறந்து பார்த்தீர்கள். மூடினீர்கள்.

"இது நம்ம புக்கு இல்ல."

"அண்ணாச்சி, அதே இதழ். அதே எண். பாருங்க."

"நம்ம புக்குல முதல் பக்கத்துல அவன் ரெண்டு பேருக்க பேரும் எழுதியிருப்பான். பச்சை மையில. இதுல இல்ல."

உங்கள் தம்பிக்கும் ஒன்று தேடிக் கொடுத்தேன். அவரும் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். உலகத்தில் ஒரே ஒரு பிரதிதான் வேண்டும் என்றால், அது இருக்கிற வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டும். பஸ் ஏறினால் போய்விடலாம். அதற்கு நான் எதற்கு?

நான் எதற்கு என்று பிறகு புரிந்தது. "அவன் இந்த மாச புக்கு எடுத்தானா?" என்று நீங்கள் கேட்பீர்கள். "எடுத்தார்" என்றால், "தானே வந்தானா, ஆளு விட்டானா?" என்பீர்கள். தானே வந்தார் என்றால் முகம் தெளியும். உடம்பு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அவர் வந்தால், "அந்த ஆளு கண்ணாடி மாத்திட்டாரா? மடிப்பெல்லாம் சரியா தெரியுதா?" என்பார். ஒரு மழையில் அவர் வீட்டில் வெள்ளம் ஏறியபோது நீங்கள் போனில் துடித்தீர்கள்.

"மக்கா, அவனுக்க வீட்டுல தண்ணி கேறிச்சாம். புக்கு நனைஞ்சுதான்னு கேளு."

கேட்டேன். "புக்கு கட்டிலுக்க மேல இருக்கு. நானும் கட்டிலுக்க மேலதான் இருக்கேன்னு செல்லுங்க" என்றார். சொன்னேன். நீங்கள் போனை வைத்துவிட்டீர்கள். நலமா என்று கேட்க இரண்டு பேருக்கும் வாய் கிடையாது, புத்தகம் நனைந்ததா என்று கேட்க மட்டும் உண்டு.

பிறகு உங்கள் நெஞ்சு கெட்டுப்போனது. படுக்கையில் கிடந்தபடி என்னை வரச்சொன்னீர்கள். பெட்டி கட்டிலருகே இருந்தது.

"இதை எல்லாம் வித்துரு. ஒரு ஆளுக்கு ஒரு புக்குதான் குடுக்கணும். ஒரு ஊருக்கு ஒண்ணு. ஒண்ணா குடுத்தா அவன் போய் மொத்தமா வாங்கிப்போடுவான்."

"இது பிராந்தாக்கும் அண்ணாச்சி, பைத்தியக்காரத்தனம். அவருக்கே குடுத்தா என்ன?"

"அவன் இங்க வந்து, 'அண்ணா, தா'ன்னு கேக்கட்டு. பெட்டியோட குடுப்பேன்."

நான் அடுத்த நாளே பனச்சமூட்டுக்குப் போனேன். உங்களுக்கு முடியவில்லை என்றும், ஒரு வார்த்தை கேட்டால் பெட்டி கிடைக்கும் என்றும் சொன்னேன். உங்கள் தம்பி கல்லாவில் உட்கார்ந்து ஒரு பைப் துண்டை உருட்டிக்கொண்டிருந்தார். "அவன் 'வாலே'ன்னு ஒரு வார்த்தை செல்லட்டு. ஓடிப் போவேன்" என்றார். திரும்பி வந்து அதை உங்களிடம் சொன்னேன். நீங்கள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தீர்கள். இருவர் மனதிலும் இருப்பதை இருவருக்கும் சொல்லியாகிவிட்டது. இதற்கு மேல் ஒரு மனுஷி என்ன செய்ய முடியும்?

நான் விற்க மாட்டேன் என்றேன். அப்படியானால் நெய்யாற்றின்கரையில் பழைய பேப்பர்காரனுக்கு எடை போட்டுக் கொடுத்துவிடுவேன் என்று மிரட்டினீர்கள். செய்யக்கூடியவர்தான் நீங்கள். அதனால் சேகரிப்பாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் படங்களைப் போட்டேன். கொள்ளை போவது போல வந்து விழுந்தார்கள். திருப்பூரிலிருந்து ஒருவர் போனிலேயே சண்டை போட்டார். கோழிக்கோட்டுக்காரர் பார்சலைக் கட்டுவதை வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார். பச்சை மையில் பெயர் எழுதியிருக்கிறதே, அழிக்க முடியுமா என்று ஒருவர் கேட்டார். அவருக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். ஒவ்வொன்றையும் இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவில் வைத்து, உங்கள் கட்டிலருகே தரையில் உட்கார்ந்துதான் கட்டினேன். நீங்கள் பார்த்துக்கொண்டே கிடந்தீர்கள். "டேப்பு புக்குல ஒட்டப்பிடாது" என்று மட்டும் சொன்னீர்கள்.

பெட்டி காலியான வாரத்தில்தான் அந்த மனிதர், உங்கள் தம்பி, வந்தார். நீங்கள் மாத்திரை மயக்கத்தில் இருந்தீர்கள். வாசலில் நின்று மைனியிடம், "குளிமுறியில டாப்பு ஒழுகுதுன்னு கேள்விப்பட்டேன்" என்றாராம். சொன்னது நான்தான், ஏதோ பேச்சுவாக்கில். நேராகக் குளியலறைக்குப் போய் வேலையைப் பார்த்துவிட்டு, உங்கள் அறைக் கதவருகே செருப்பில்லாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, எழுப்ப வேண்டாம் என்று சொல்லிப் போய்விட்டார். நீங்கள் விழித்ததும் மைனி சொன்னார். கண்ணை மூடிக்கொண்டே யோசித்து நீங்கள் கேட்ட கேள்வி இது:

"வாஷர் மாத்தினானா, புது டாப்பு போட்டானா?"

தம்பி வந்து நின்றான் என்கிறோம், கேட்கிற கேள்வியா இது? மைனி, "எழுந்துபோய்ப் பாருங்கோ" என்று கத்திவிட்டு முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு வெளியே போனார். உங்களால் எழ முடியவில்லை. அந்த வாரமே எல்லாம் முடிந்துவிட்டது.

சபைக் கல்லறையில் அவர் எல்லோருக்கும் பின்னால் நின்றார். மண் போடக் கூப்பிட்டார்கள். யாரையும் பார்க்காமல் வந்து போட்டுவிட்டுப் போனார்.

சில நாள் கழித்து ஒரு ஆட்டோ என் கடை முன் நின்றது. அவர் ஒரு பெட்டியை இறக்கி மேசைமேல் வைத்தார். இரட்டை எண் முழுக்க.

"இதையும் வித்திருங்க."

அவ்வளவு வருஷமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் எனக்கு வெளியே வந்துவிட்டது. நகல் எடுக்க வந்தவர்கள் நிற்கிறார்கள் என்றும் பார்க்கவில்லை. "உங்க ரெண்டு பேருக்கும் நான் என்ன தபால் பெட்டியா? அவர் இருக்கும்போது ஒரு எட்டு வந்து கேட்டிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்? இப்ப என்னத்துக்கு இதைக் கொண்டுவந்து போடுதிய?" என்று கத்தினேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அண்ணனுக்க கையில மீதி இருக்குன்னு தெரிஞ்சதுவரை இதெல்லாம் எனக்கு வேணும்னு இருந்துது" என்றார். "இப்ப பாத்தா வெறும் பேப்பராக்கும்."

நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, தம்ளரைப் பார்த்தபடியே கேட்டார்.

"கடைசியில ஏதாவது கேட்டானா?"

என்ன சொல்வது? மன்னிப்பு, பாசம் என்று ஏதாவது இட்டுக்கட்டிச் சொல்லலாம். உங்களைத் தெரிந்தவர் நம்பவா போகிறார்? உள்ளதைச் சொன்னேன். "வாஷர் மாத்தினானா, புது டாப்பு போட்டானான்னு கேட்டாங்க."

அவர் சிரித்தார் என்றுதான் முதலில் நினைத்தேன். தோள் குலுங்கியது. முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"புதுசாக்கும் போட்டேன். நல்ல பித்தளை. இருவது வருஷத்துக்கு ஒழுகாது" என்றார். வாசல் வரை போய், திரும்பி, "அவன்கிட்ட செல்லிருங்க" என்றார். எப்போதும் சொல்வது போல. சொன்ன பிறகு அவருக்கே உறைத்து, அப்படியே ஒரு கணம் நின்றார். பிறகு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்.

பெட்டி என்னிடம்தான் இருக்கிறது. எப்படியோ செய்தி பரவி, உங்கள் ஒற்றை எண்களை வாங்கியவர்கள் எல்லாம் இப்போது அடுத்த பாகம் கேட்டு உயிரை எடுக்கிறார்கள். விற்பனைக்கு இல்லை என்கிறேன். திருப்பூர்க்காரர் தினமும் போன் செய்கிறார். பனச்சமூட்டுக்காரர் பெட்டியைத் திரும்ப எடுக்கவும் மாட்டேன் என்கிறார், கொடுத்துவிடுங்கள் என்று இன்னொரு முறை சொல்லவும் மாட்டேன் என்கிறார். உங்கள் குடும்பத்தோடு என் பாடு இன்னும் தீரவில்லை.

அண்ணாச்சி, அவர் சொல்லச் சொன்னதைச் சொல்லிவிடுகிறேன். புது டாப்புதான். பித்தளை.